பழைய வீட்டிற்குத் தகரக் கூரை போடுமுன்

தறியில் ஏற்றிய பாவு நனைந்தால் நெசவாளியின் பல நாள் உழைப்பு பாழாகிறது. களத்திலிருந்து வந்த நெல் நனைந்தால் உழவரின் ஒரு போகத்து வரவு குறைகிறது. ஆதலின் நம் அங்கத்தினருக்குக் கூரை என்பது தொழில் முதலுக்குக் காவலாகும். அக்காவலை மாற்றுமுன் ஆராய வேண்டியவை சில உள. அவற்றை இப்பாடத்தில் ஒழுங்குபடக் கூற விரும்புகிறோம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் பொதட்டூர்பேட்டை, ஆரணி முதலிய நெசவூர்களிலும், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை வட்டங்களைச் சேர்ந்த உழவர் கிராமங்களிலும் நாட்டு ஓடும் சீமை ஓடும் வேய்ந்த பழைய வீடுகள் இன்றும் உள்ளன. ஆண்டுதோறும் ஓடு மாற்ற ஆள் கிடைப்பது அரிதாகி வருகிறது. கைமரங்களைக் கரையான் அரிக்கிறது. ஆகவே பலர் ஓட்டைப் பிரித்துத் தகரம் போட நினைக்கின்றனர். அந்நினைப்பில் பிழையில்லை. ஆனால் ஓட்டை இறக்கித் தகரத்தை ஏற்றுவது, ஒரு சட்டையைக் கழற்றி மறு சட்டை அணிவது போன்ற எளிய காரியமன்று. ஏன் என்பதைச் சிறு கணக்கொன்றால் விளக்குவோம்.

பாரமும் காற்றும்

முப்பதடி நீளமும் இருபதடி அகலமும் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சரிவையும் சேர்த்தால் அதன் கூரைப் பரப்பு ஏறத்தாழ 62 சதுர மீட்டர் ஆகும். சீமை ஓடு, ரீப்பருடன் சேர்த்து, சதுர மீட்டருக்குச் சுமார் 65 கிலோ எடை உள்ளது. ஆகவே அக்கூரையின் பாரம் சுமார் 4,000 கிலோ. அதே பரப்பிற்கு அரை மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு போட்டால், சதுர மீட்டருக்கு 5 கிலோ வீதம், சுமார் 310 கிலோதான் ஆகும். பாரம் குறைந்தது நன்மையே, பழைய சுவர் பிழைத்தது என்று பலர் மகிழ்கின்றனர். சுவரைப் பொறுத்தவரை அது மெய்தான். ஆயின் காற்றின் கணக்கு வேறு.

சரிவான கூரையின்மீது காற்று கடந்து செல்லும்போது கூரையின் மேற்புறத்தில் அழுத்தம் குறைகிறது. கதவு, சன்னல் வழியாக உட்புகுந்த காற்றோ கீழிருந்து தள்ளுகிறது. இவ்விரண்டும் கூடிக் கூரையைத் தூக்க முயல்கின்றன. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 68 கிலோ பாரத்திற்குச் சமம். அவ்வளவும் தூக்கும் விசையாக மாறுவதாகக் கொண்டால், நாம் எடுத்துக்கொண்ட வீட்டின் கூரை 4,200 கிலோ விசையால் தூக்கப்படும். உண்மையில் நடுப்பகுதியில் விசை குறைந்தும், ஓரங்களிலும் மூலைகளிலும் மிகுந்தும் இருக்கும். எனினும் இக்கணக்கின் பொருள் தெளிவானது. பழைய ஓட்டுக்கூரை தன் பாரத்தாலேயே வீட்டின்மீது அமர்ந்திருந்தது. அதைக் கட்டி வைக்க வேண்டிய அவசியம் எழவில்லை. புயலில் சில ஓடுகள் பறந்தால் அவ்வழியே அழுத்தம் தணியும்; எஞ்சிய கூரை பெரும்பாலும் நிலைக்கும். தகரமோ பாரமற்றது, ஒரு மூலை கிளம்பினால் தகடு முழுவதும் உரிந்து போகும். பறக்கும் தகடு அண்டை வீட்டாரையும் தெருவில் செல்வோரையும் வெட்டும் வாளாகிறது.

2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி சென்னை அருகே கரை கடந்த வர்தா புயலில் காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியதை நம் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். கட்டடங்களின் காற்றுச் சுமையைப் பற்றிய ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தர விதி, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் என வகுத்துள்ளது. வேகம் ஒன்றரை மடங்கானால் அழுத்தம் இரண்டேகால் மடங்காகும் என்பதை நினைவில் கொள்க.

சுவரும் சட்டமும்

ஆகவே தகடு வாங்குமுன் வீட்டைச் சோதித்தல் வேண்டும். உளியால் ஒவ்வொரு கைமரத்தையும் உத்தரத்தையும், விசேஷமாகச் சுவருக்குள் புதைந்திருக்கும் நுனிகளை, குத்திப் பார்க்க வேண்டும். உளி எளிதில் இறங்கினால் அம்மரம் ஆகாது. கரையான் அரித்த மரத்தில் எவ்வளவு நீண்ட திருகாணி அடித்தாலும் பிடிக்காது.

அடுத்து, கூரையைத் தரையோடு பிணைக்கும் சங்கிலியை எண்ணிப் பார்க்க வேண்டும். தகடு குறுக்குச் சட்டத்தோடும், குறுக்குச் சட்டம் கைமரத்தோடும், கைமரம் சுவர்த்தலைச் சட்டத்தோடும், அச்சட்டம் சுவரின் வழியே அடித்தளத்தோடும் இணைந்திருத்தல் அவசியம். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை பயன்படா. செங்கற் சுவராயின் இரும்புப் பட்டைகளைச் சுவருக்குள் பல வரிசை ஆழம் இறக்கிக் கட்டலாம். மண் சுவர் அவ்விழுவையைத் தாங்காது. அங்கே தனி அடித்தளத்துடன் இரும்புக் கால்களை நட்டு, கூரையை அவற்றின்மீது நிறுத்துவதே தக்கது. சுவர் மறைப்பாக மட்டும் நின்றுவிடும். இச்செலவைத் தள்ளித் தகட்டின் விலையை மட்டும் கணக்கிடுவோர் பாதிக் கணக்கே போட்டவராவர்.

தகட்டைத் தெரிந்தெடுத்தல்

கடையில் கனத்தைச் சிலர் ‘கேஜ்’ என்றும் சிலர் மில்லிமீட்டர் என்றும் கூறுவர். கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பதை அறிக. மில்லிமீட்டரில் கூறினாலும், அது இரும்பின் கனமா, பூச்சும் வர்ணமும் சேர்ந்த கனமா என்று கேட்டு, விலைச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும்.

இதைச் சோதிக்கத் தராசு ஒன்றே போதும். அது நம் சங்கங்களில் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் கன இரும்பு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. பத்தடி நீளத் தகடு, வரி மடிக்குமுன் நான்கடி அகலமாக இருந்ததாயின், அரை மில்லிமீட்டர் கனத்திற்கு சுமார் 14½ கிலோ நிறுக்கும். 11½ கிலோ நிறுத்தால் அது 0.40 மில்லிமீட்டர் தகடே.

துத்தநாகப் பூச்சுத் தகட்டிற்கு ஐ.எஸ். 277 விதி உண்டு. அதில் 275 என்னும் வகை, சதுர மீட்டருக்கு இருபுறமும் சேர்த்து 275 கிராம் பூச்சு உள்ளது. 120 வகையில் பாதிக்கும் குறைவு. பழவேற்காடு, பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்து உப்புக் காற்றிலும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஆலைப் புகையிலும் பூச்சு விரைவில் தேயும். ஆதலின் அங்குள்ளோர் பூச்சில் சிக்கனம் செய்தல் கூடாது. அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சுத் தகடு பொதுவாக நெடுநாள் உழைக்கும். ஆயின் ஈரச் சுண்ணாம்பும் சிமெண்டுச் சாந்தும் அதை அரிக்கும். சுவர் சேருமிடத்தில் சாந்து அப்பாமல் தகட்டு மடிப்பினால் மறைக்க வேண்டும்.

வேயும் முறை

ஐப்பசி, கார்த்திகையில் நமக்குக் காற்றும் மழையும் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வருகின்றன. ஆகவே எதிர்ப்பக்கத்திலிருந்து வேயத் தொடங்கினால் தகடுகளின் மேலடுக்கு வாய் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். புயலின் கண் கடந்தபின் காற்று திசை மாறி வீசுமாதலால் எல்லா ஓரங்களையும் சமமாக இறுக்க வேண்டும். ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் குறுக்குச் சட்டங்களை நெருக்கி, திருகாணிகளை இரட்டிப்பது நலம். தாழ்வாரத்திற்கு அப்பால் தகடு ஓரடிக்கு மேல் தாங்குதலின்றி நீளலாகாது.

திருகாணியை வரியின் மேட்டில் அடிக்க வேண்டும். பள்ளத்தில் ஓடும் நீர் துளையைத் தேடும். ரப்பர் வளையம் சற்றே பிதுங்கும் அளவிற்கு இறுக்கினால் போதும். மிஞ்சினால் வளையம் கிழியும். தகட்டை வெட்டக் கத்தரியே நல்லது; அறுக்கும் சக்கரத்தின் சூடு பூச்சை எரித்துவிடும். துளையிட்ட இரும்புத் துகள்களை அன்று மாலையே கூட்டி அகற்றாவிடில் அவை துருப்பிடித்துத் தகட்டையும் கெடுக்கும். தெருக் கம்பத்திலிருந்து வரும் மின்கம்பி தகட்டில் உரசாதிருத்தல் வேண்டும். கூரையைத் தகுதியுள்ள மின் பணியாளரைக் கொண்டு நில இணைப்புச் செய்தல் உயிர்காக்கும் காரியம்.

பழைய கூரை சிமெண்டு ஷீட்டாயின் ஓர் எச்சரிக்கை. அதிலுள்ள ஆஸ்பெஸ்டாஸ் நார் புற்றுநோய் விளைவிப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முடிவு செய்துள்ளது. அதை உடைத்தோ அறுத்தோ துளையிட்டோ தூசி எழுப்பலாகாது. நீர் தெளித்து நனைத்து, முழுத் தகடாகவே இறக்க வேண்டும். நனைந்த ஷீட்டின்மேல் ஏறி நிற்பதும் ஆபத்து. அது சறுக்கும், முறியவும் செய்யும்.

தறிக்கூடத்தின் தேவை

குழித்தறி நெசவில் நிலத்தின் ஈரம் நூலுக்குப் பதம் தருகிறது. தகரத்தின்கீழ் சித்திரை வெயிலில் கூடம் காய்ந்தால் பாவு இழைகள் அறும். நெசவாளியின் உடலும் வாடும். மார்கழி விடியலிலோ தகட்டின் அடியில் ஈரம் கோத்துப் பாவின்மீதும் மூட்டைகளின்மீதும் சொட்டும். ஆதலின் வெளிர் நிறத் தகடு, உயர்ந்த முகடு, முகட்டில் காற்று போக வழி, கீழே இடைவெளி விட்டு ஒரு மச்சு ஆகியவை வேண்டும். கீற்றுக் கூரையின்மேலேயே தகடு போடுவது தகாது. ஈரம் தங்கித் தகடு துருப்பிடிக்கும், எலியும் கரையானும் குடியேறும்.

எல்லா வீட்டிற்கும் தகரமே தக்கது என்று நாம் கூறவில்லை. மரம் உறுதியாக உள்ள வீட்டில் தறிக்கூடத்திற்கு ஓட்டையே புதுப்பித்து, தாழ்வாரத்திற்கும் களஞ்சியத்திற்கும் மட்டும் தகரம் போடுவது பல சமயங்களில் இலாபமாகும்.

ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். நாம் கணக்கிட்ட வீட்டின்மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 560 லிட்டர் நீர் விழும். துப்புரவான தகட்டிலிருந்து அதில் பெரும்பங்கைத் தொட்டியில் சேர்க்கலாம். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் கலந்துவிட்ட நிலையில் இது சிறு செல்வமன்று.

சங்கம் செய்யக்கூடியது

நாட்டின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-ஆம் ஆண்டில் நம் மாவட்டத்துத் திரூரில் தோன்றியது. தனியொருவரால் இயலாததைப் பலர் கூடிச் செய்யலாம் என்பதே அன்று கற்ற பாடம். பத்துப் பேர் தனித்தனியே தகடு வாங்கினால் பத்துப் பேரும் கடைக்காரர் சொன்னதைக் கேட்க வேண்டும். பத்துப் பேரின் தேவையையும் சங்கம் திரட்டி, தரமும் கனமும் பூச்சும் குறித்து மூன்று இடங்களில் விலை கேட்டு, வந்த தகட்டை நிறுத்து வாங்கினால் விலையும் குறையும், ஏமாற்றமும் குறையும். ஒரு பொறியாளரின் ஆலோசனைக் கூலியையும் பத்தாகப் பகிரலாம். கடன் மனுவில் தகட்டின் விலையோடு, பிணைப்பு வேலைக்கான செலவையும் காட்டச் செய்வது நிர்வாகக் குழுவின் கடமை. புயல் கொண்டுபோன கூரைக்கும் தவணை கட்டித்தான் ஆக வேண்டும்.

உறுப்பினர் கூட்டத்தில் ஆராய்தற்கு:

1. நம் ஊரில் தகரக் கூரை போட்ட வீடுகளில், கூரை அடித்தளம் வரை பிணைக்கப்பட்டவை எத்தனை?

2. வரும் ஐப்பசிக்குள் கூரை மாற்ற வேண்டிய அங்கத்தினர் எவரெவர்? அவர்களது மொத்தத் தேவை எவ்வளவு?

3. வாங்கும் தகட்டை நிறுத்துச் சரிபார்க்கும் பொறுப்பை எவரிடம் ஒப்படைக்கலாம்?