தூரத்திலிருந்து ஆளும் மென்பொருள்

கேள்வி: பழுதுபார்ப்பதாகச் சொல்லி, தூரத்திலிருந்தே என் கணினியை இயக்க அனுமதி கேட்கிறார்கள். தரலாமா?

பதில்: நீங்களாக நாடிச் சென்றவரல்லாத எவருக்கும் தரவேண்டாம். பிரான்ஸ் தேசத்து இளைஞர் ஒருவர் 2008-இல் இயற்றத் தொடங்கிய டார்க்காமெட் என்னும் மென்பொருள், தொலைதூரக் கணினியைப் பராமரிக்க வல்லதாயிருந்தும், சிரியாவில் உள்நாட்டுப் போர் மூண்ட காலத்தில், ஸ்கைப் உரையாடலை அந்நியர் செவிபடாமல் காக்கும் கருவி என்ற வேஷத்தில் அரசை எதிர்த்தோரின் கணினிகளுக்குள் பிரவேசித்து, அவர்கள் தட்டிய ஒவ்வோர் எழுத்தையும், கடவுச்சொற்களையும், காமிராவின் முன் நிகழ்ந்தவற்றையும் அரசு சார்ந்த ஒற்றர்களிடம் சேர்ப்பிக்கும் சாதனமாயிற்று. ரக்ஷணையைத் தேடியவர்களை அந்தத் தேட்டத்தைக் கொண்டே சிக்கவைத்தது மகா கொடுமை. விஷயமறிந்த அவ்விளைஞர் 2012-இல் அதன் விநியோகத்தையே நிறுத்திவிட்டார். ஆயினும், அதற்குள் உலகெங்கும் பரவிவிட்ட பிரதிகளைத் திரும்பப் பெற அவராலும் இயலவில்லை.