மோட்டார் வண்டிக்குத் தண்ணீர் காட்டுதல்

தாம்பரத்தின் வழியே தெற்கு நோக்கிச் செல்லும் ஜி. எஸ். டி. சாலை மோட்டார்த் தொழிலுக்குப் புதியதன்று. 1960-களில் வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் சிறு வண்டி செய்யப்பட்டது. பன்னெடு நாள் கழித்து, 2010-இல், ஃபோர்டு நிறுவனத்தார் மறைமலைநகரிற் செய்த ஃபிகோ என்னும் சிறு வண்டியை வெளியிட்டனர். 2021-இல் அவர்கள் இந்நாட்டில் வண்டி செய்வதை நிறுத்துவதாக அறிவித்தனர். எனினும் அவ்வண்டிகள் பல இன்றும் நம் தெருக்களில் ஓடுகின்றன. வண்டிக்கு வயது ஏற ஏற, அதன் நலம் உடையவன் கண்ணையே சார்ந்து நிற்கும். அக்கண் தவறாது காணவேண்டியவற்றுள் ஒன்று, எஞ்சினைக் குளிர்விக்கும் நீராகும். பட்டறைகளில் அதனைக் ‘கூலண்ட்’ என்பர். அதனைப் பற்றி ஈண்டுச் சில கூறுவாம்.

எஞ்சினுள் எரியும் பெட்ரோலின் வெப்பம் முழுவதும் சக்கரத்தைச் சுழற்ற உதவுவதில்லை. ஒரு கூறு புகையோடு வெளியேறும். மற்றொரு பெருங்கூறு உலோகச் சுவர்களில் ஏறும். அதனை இடையறாது அகற்றாவிடின் உலோகம் கோணி, எஞ்சின் பாழாகும். ஆதலின் ஒரு பம்பு அச்சுவர்களிடையே நீரைச் செலுத்துகின்றது. சூடேறிய நீர், முகப்பிலுள்ள ரேடியேட்டரின் நுண்குழாய்களில் ஓடிக் காற்றிற் குளிர்ந்து மீள்கின்றது. பல்லாவரத்திலோ பெருங்களத்தூரிலோ வண்டி நெரிசலில் நிற்குங்கால், காற்றின் குறையை மின்விசிறி நிரப்பும்.

‘நம் ஊரில் நீர் பனிக்கட்டியாய் உறைவதில்லையே, கிணற்று நீரே போதாதோ?’ என வினவுவார் உளர். போதாது என்பதே நம் விடை. நம் புறநகர் வீடுகள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெண்மையான பொருக்குப் படிவதை நாம் கண்டிருக்கிறோம். அப்பொருக்கே ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படியுமாயின், நீரோட்டம் தடைப்படும், வெப்பமும் வெளியேறாது. மேலும் வெறும் நீர் இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். கூலண்ட் என்பது எதிலீன் கிளைக்கால் என்னும் திரவமும், அரிப்பைத் தடுக்கும் மருந்துகளும், தூய நீரும் சேர்ந்த கலவை. சரிபாதி கலந்தது ஏறத்தாழ 108 பாகை செல்சியஸ் வரை கொதியாது.

இனி மூடியின் இயல்பைக் காண்போம். அஃது உள்ளே அழுத்தத்தைக் காத்து வைப்பது. வளிமண்டல அழுத்தத்தில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், அதன் இருமடங்கு அழுத்தத்தில் ஏறத்தாழ 120 பாகையிலேயே கொதிக்கும். சமையலறைப் பிரஷர் குக்கரும் இந்நெறியே பற்றியது. சூடான எஞ்சினின் மூடியைத் திறப்பின் அழுத்தம் நொடியில் நீங்கும். அதுகாறும் கொதியாதிருந்த நீர் அக்கணமே கொதித்துப் பொங்கி, முகத்திலும் கையிலும் பாயும். கையிற் சுற்றிய துணி அதற்குக் காவலாகாது. சில வண்டிகளில் பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் மூடியும் இத்தகையதே.

ஆதலின் பார்க்கும் முறை இது. காலையில், வண்டி ஓடுமுன், சமதரையில் நிறுத்திப் பார்க்கவேண்டும். டப்பாவின் புறத்தே கீழ்க்கோடு, மேற்கோடு என இரண்டு உண்டு. நீர் அவற்றிடையே நிற்றல் நன்று. குறைந்திருப்பின், எஞ்சின் முற்றும் குளிர்ந்திருப்பதை உறுதி செய்து, மூடியை மெல்லத் திருகித் திறந்து, வண்டியின் கையேடு கூறும் வகைக் கூலண்டை மேற்கோட்டைத் தாண்டாமல் ஊற்றுக. கலவாத சாரமாயின், கையேடு கூறும் அளவிற் காய்ச்சி வடித்த நீரோடு முதலிற் கலந்துகொள்க. நிறம் ஒத்தது கொண்டே வகையும் ஒன்றென்று துணிதல் கூடாது. பின்னர் மூடியை இறுக மூடுக. மின்விசிறி எஞ்சின் நின்றபின்னும் தானே சுழலக்கூடும். ஆங்குக் கை வைத்தல் ஆகாது.

ஊற்றிய சில நாட்களிலேயே மீண்டும் குறையுமாயின், மேலும் மேலும் ஊற்றுவதோடு அமைதல் பேதைமை. ரப்பர்க் குழாயிலோ, பம்பிலோ, ரேடியேட்டரிலோ கசிவு இருக்கும். வெளியே ஈரம் காணாவிடினும், எஞ்சின் எண்ணெய் பால்போல் வெளுத்தாலும், வெண்புகை ஓயாது வந்தாலும் ஹெட் கேஸ்கட் பழுதென்று ஐயுறலாம். வழியில் வெப்பமானியின் முள் சிவப்பை எட்டின், ஓரமாய் நிறுத்தி எஞ்சினை அணைத்துக் காத்திருக்கவேண்டும். ‘வீடு அருகில்தானே’ என்று ஓட்டிச் சென்ற சிறு தொலைவு, பெருஞ்செலவாய் முடிதல் உண்டு.

மற்றொன்றும் கூறுதல் கடமை. எதிலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. தரையிற் சிந்தியதை நாயோ பூனையோ நக்கினும், பழைய குளிர்பானப் புட்டியில் வைத்த மிச்சத்தைக் குழந்தை பருகினும் உயிருக்கே ஊறு நேரும். சிந்தியதை உடனே துடைத்து, மிச்சத்தை அதற்குரிய கலத்திலேயே, எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும். இவை யாவும் செய்யக் காலையில் ஐந்து நிமிடம் போதும்.