ஒலித்துணுக்கும் ழகரமும்

ஒலியைத் துணுக்காகப் பிடித்து வைத்து, வேண்டும்போது வேண்டும் வேகத்தில் திருப்பித் தரும் கருவிக்கு சாம்ப்ளர் என்று பெயர். 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் டேவிட் டியூடர் ஒரு மின்னிசைக் கூடம் அமைத்தார். ஒலிநாடாப் பொறிகளும் மூக் சிந்தசைசரும் கொண்டு நம் நாட்டவர் அங்கே ஒலிச்சோதனைகள் செய்தனர். அத்தகைய சோதனையின் சிறு வடிவத்தை இன்று விடுதி அறையிலேயே நாம் செய்து பார்க்கலாம்.

வேண்டிய பொருள்கள்

செங்கோட்டைக்கு எதிரே உள்ள லஜ்பத் ராய் மார்க்கெட்டுக்குச் செல்லுங்கள். ஐ.எஸ்.டி. 1820 என்னும் ஐ.சி. பொருத்திய சிறு பலகை ஒன்று, 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று, 82 கிலோ ஓம் மின்தடை ஒன்று, 100 கிலோ ஓம் மாறுமின்தடை ஒன்று, மூன்று பென்சில் செல்கள் ஆகியவை போதும். மைக் பலகையிலேயே இருக்கும். மூன்று செல்கள் தரும் 4.5 வோல்ட் சரியானது, 5.5 வோல்ட்டுக்கு மேல் இந்த ஐ.சி. தாங்காது. ஆகவே 9 வோல்ட் பாட்டரியை இணைக்க வேண்டாம்.

அமைக்கும் முறை

ஐ.சி.யின் பத்தாம் காலிலிருந்து தரைக்கு ஒரு மின்தடை செல்கிறது. பெரும்பாலான பலகைகளில் அது 100 கிலோ ஓம். அதைக் கழற்றிவிட்டு, 82 கிலோ ஓம் மின்தடையையும் மாறுமின்தடையையும் தொடராக இணைத்துப் பற்றவையுங்கள். பதிவுப் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் வரை ஒலி பதிவாகும். மின்சாரம் நின்றாலும் அது அழியாது.

உள்ளே நடப்பது என்ன?

இந்த ஐ.சி.யில் ஏறத்தாழ 64,000 சிற்றறைகள் உள்ளன. ஒலியலையின் ஒவ்வொரு கணத்து அளவும் ஓர் அறையில் தங்குகிறது. மின்தடை 80 கிலோ ஓம் எனில் விநாடிக்கு 8,000 அறைகள் நிரம்பும். பதிவு 8 விநாடியில் முடியும். 200 கிலோ ஓம் எனில் விநாடிக்கு 3,200 அறைகளே. பதிவு 20 விநாடி நீளும். ஆனால் ஓர் அதிர்வைக் காக்க, அதன் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு அளவுகளுக்குமேல் தேவை. எனவே முன்னதில் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி தங்கும். பின்னதில் 1,300 ஹெர்ட்ஸ் வரைதான். காலம் கூடினால் தெளிவு குறையும். இரண்டையும் ஒருங்கே பெற வழியில்லை.

ஒரு தமிழ்ச் சோதனை

நான் "அழகு, அளகு, அலகு" என்று மூன்று சொற்களைப் பதிந்தேன். மாறுமின்தடை 8 விநாடி முனையில் இருந்தபோது அடுத்த அறை நண்பர் மூன்றையும் பிரித்துச் சொன்னார். 18 விநாடி முனையில் மீண்டும் பதிந்தபோது மூன்றும் ஒன்றாகவே கேட்டன என்றார். காரணம் எளிது. ழகரத்தைப் பிரித்துக் காட்டும் வாயறை ஒத்ததிர்வு ஏறத்தாழ 2,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது. அறைகள் குறைந்ததும் முதலில் உதிர்ந்தது நம் சிறப்பெழுத்தே அன்றோ!

ஆயினும் குறைந்த தெளிவுக்கும் ஓர் அழகு உண்டு. எவர்சில்வர் டம்ளரைத் தட்டி 8 விநாடி முனையில் பதியுங்கள். பின்பு மாறுமின்தடையைத் திருப்பி ஒலிக்கவிடுங்கள். வேகம் பாதியாகும்போது சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். டம்ளர் பெருமணியாய் முழங்கும்.

ஆகவே நண்பர்களே, இசைக்குத் துணுக்குத் தேடுவோர் நீண்ட காலத்தை எடுத்துக்கொள்ளலாம். ஊரிலுள்ள பாட்டியின் பேச்சைப் பதிய விரும்புவோர் 8 விநாடியோடு நிறைவு கொள்க. சொல் சிலவே ஆயினும் எழுத்துக் கெடாமல் இருக்கட்டும்.