கும்மிடிப்பூண்டியிலிருந்து தட்சிணசித்ராவுக்கு

சிப்காட் தொழிற்பேட்டையில் வாரம் முழுக்க இயந்திரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுத்து உழைப்பவரா நீங்கள்? வார விடுமுறையில் ஒரு நாளை முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவுக்கு ஒதுக்குங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய அருங்காட்சியகம் அல்ல அது. திண்ணையில் உட்காரலாம், களிமண்ணில் கைவைக்கலாம்.

காலை மின்சார ரயிலில் மூர் மார்க்கெட் வந்து, எதிர்ப்புறம் பூங்கா நகரில் பறக்கும் ரயில் ஏறித் திருவான்மியூரில் இறங்குங்கள். அங்கிருந்து ஈசிஆர் வழியாக மாமல்லபுரம் போகும் பஸ் முட்டுக்காட்டில் நிற்கும். போகவே மூன்று மணி நேரமாவது பிடிக்கும், அதனால் முதல் ஷிப்டுக்கு எழுவதுபோல் எழுந்துவிடுங்கள். தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

டெபோரா தியாகராஜன் 1984-இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன்தான் இதை நடத்துகிறது. 1996-இல் திறந்தார்கள். லாரி பேக்கர் வடிவமைப்பில் சுமார் பத்து ஏக்கர். இடிபடவிருந்த பழைய வீடுகளை வாங்கி, தூண், உத்தரம், கதவு எனப் பிரித்துக் கொண்டுவந்து, தென் மாநிலங்களின் வீடுகளாக இங்கே மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள்.

எல்லா வீட்டையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். இரண்டு மூன்று பொருள்கள் போதும். குயவர் சக்கரத்தில் உட்காரக் கிடைத்தால் விடாதீர்கள். மண் முதலில் கைக்குள் நிற்காமல் ஆடும். முழங்கையைத் தொடையில் ஊன்றி, விரலை நனைத்து, நடுவில் நிலைப்படுத்திய பிறகே அது வாய் திறக்கும். அவசரப்பட்டு அழுத்தினால் சரிந்துவிடும். தினமும் தண்ணீர் மொண்ட பானையின் சுவர் ஏன் எங்கும் ஒரே கனம் என்று அப்போது விரலுக்கே தெரியும். காஞ்சிபுரம் நெசவாளர் வீட்டில் தறி முன் நின்று கோர்வையை நினைத்துப் பாருங்கள்: உடலும் கரையும் வேறு நிறமாக இணைய மூன்று நாடா ஓட வேண்டும், பக்கத்தில் இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். செட்டிநாட்டு வீட்டில் படம் எடுப்பதற்கு முன் கதவுச் செதுக்கலை மேலிருந்து கீழாக ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். செல்ஃபிக்கு மட்டும் வந்து திரும்புவது இத்தனை தூரப் பயணத்துக்குத் தகாது.

நுழைவுச்சீட்டு தவிர, சில கைவேலைகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வரும் நாளில் சக்கரத்துக்கு வரிசை நிற்கும், ஆகவே உள்ளே போனதும் முதலில் குயவரைத் தேடிப் போங்கள்.