மயிற்பொறியும் மகப்பேறும்

சீவக சிந்தாமணியைப் பாடமாகக் கற்போர்க்கு நாமகள் இலம்பகத்தில் வரும் மயிற்பொறி புதியதொன்றன்று. இராசமாபுரத்து மன்னன் சச்சந்தன் ஆட்சிப் பொறுப்பை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்புவித்துவிட்டுத் தன் தேவி விசயையுடன் உவளகத்தே காலங் கழித்தான். தேவி கண்ட தீக்கனாவால் தனக்கு நேரவிருக்கும் இடரை அவன் உணர்ந்தான். கம்மியன் ஒருவனைக் கொண்டு வானிற் பறக்கும் மயில்வடிவப் பொறியொன்றைச் செய்வித்தான். அதனை வலமாகத் திரித்து மேலெழச் செய்யவும் இடமாகத் திரித்து நிலத்தில் இறக்கவும் சூலுற்ற தேவிக்குப் பயிற்றினான். கட்டியங்காரன் படை அரண்மனையை வளைத்த அன்று விசயை நிறைசூலோடு தன்னந்தனியே அப்பொறிமீது ஏறிச் சென்றாள். பகைவனது வெற்றிமுரசு செவியிற் படவே அவள் மயங்கிச் சோர்ந்தாள். பொறி சுடுகாட்டில் இறங்கிற்று. சீவகன் அங்கே பிறந்தான்.

சென்ற ஆண்டு எம் வகுப்பில் இப்பகுதி நடந்தபொழுது மாணவர் சிலர் நகைத்தனர். நிறைமாதத்துப் பெண் வானிற் பறப்பதாவது, புலவர்க்கு எல்லையற்ற துணிவு என்றனர். யான் நகைக்கவில்லை. அவ்வாரத்திற்றான் மும்பையில் வாழும் என் தமக்கையார் தலைப்பேற்றிற்காகத் தாய்வீடு வருவதற்கு விமானச் சீட்டு எடுத்திருந்தார். பெண்ணொருத்தி சூலோடு வானவழிச் செல்லுதல் தக்கதா, தகாததா, எத்துணைக் காலம்வரை தகும் என்பன அக்காலத்து எம் வீட்டில் உணவு வேளைதோறும் வாதிக்கப்பட்டன. அவ்வாதத்தில் யான் கேட்டனவும், பின்னர்க் கற்றுத் தெளிந்தனவும் இக்கட்டுரைக்குப் பொருளாகும்.

முதலிற் காலக்கணக்கை நோக்குவோம். நம்மவர் பிள்ளையைப் 'பத்து மாதம் சுமந்து' பெற்றதாகக் கூறுவர். ஆங்கிலம் பயின்றோர் ஒன்பது மாதம் என்பர். இரண்டும் பிழையல்ல. மருத்துவர் கடைசித் தீட்டின் முதல்நாள் தொடங்கி 280 நாள், அதாவது 40 வாரம் எண்ணுகின்றனர். இருபத்தெட்டு நாள் கொண்டதை ஒரு மாதமென்று கொண்டால் அது சரியாகப் பத்து மாதமாம். பஞ்சாங்க மாதமென்று கொண்டால் ஒன்பது மாதமும் சில நாளுமாம். கருவுற்றாளை 'முழுகாமல் இருக்கிறாள்' என்று நம் பாட்டிமார் கூறும் மொழியிலேயே இக்கணக்கின் தொடக்கம் பொதிந்து கிடக்கிறது. மாதந்தோறும் தீட்டுக் கழிந்து தலைமுழுகும் நாள் வாராமற் போனதே கருவுற்றமைக்கு அடையாளம். அவர்களும் அங்கிருந்தே விரல்விட்டு எண்ணினர்.

விமானக் கம்பெனிகளோ மாதத்தை அறியா, வாரத்தையே அறியும். நம் நாட்டுக் கம்பெனிகள் பலவும் 32 வாரம் நிறையும்வரை ஒற்றைக் குழவி தாங்கிய மகளிரைத் தடையின்றி ஏற்றுகின்றன. அதன்பின் 'பறத்தற்குத் தகுதியுடையவர்' என்று வைத்தியர் எழுதிய கடிதம் வேண்டும். அதுவும் பயணத்திற்குச் சில நாளுக்குள் எழுதியதாயிருத்தல் வேண்டும். 35 அல்லது 36 வாரம் கடந்தபின் கடிதமிருந்தும் பயனில்லை. இரட்டைக் குழவியாயின் இவ்வெல்லை இன்னும் முன்னரே வந்துவிடும்.

நம் வழக்கங்களை இவ்வாரக் கணக்கோடு ஒட்டிப் பார்த்தேன். ஏழாம் மாதத்து வளைகாப்பு, முப்பது நாட்கணக்கில் 26-ஆம் வாரம் முதல் 30-ஆம் வாரத்திற்குள் அமையும். வளையல் அணிந்த கையோடு மகளைத் தாய்வீட்டிற்கு அழைத்துவரும் பழைய முறைக்கு விமானக் கம்பெனியின் விதி சிறிதும் மாறன்று. எம் பாட்டியார் நாட்குறித்திருந்தால் இடர் ஒன்றும் நேர்ந்திராது. ஆனால் என் தமக்கையாரின் கணவர் வீட்டார்க்கு ஒன்பதாம் மாதமே வழக்கம். எட்டாம் மாதத்திற் பயணம் ஆகாதென்பதும் அவர் கொள்கை. ஒன்பதாம் மாதமென்பது இருபத்தெட்டு நாட்கணக்கில் 33-ஆம் வாரம் முதல் 36-ஆம் வாரம் முடிய. முப்பது நாட்கணக்கிலோ 35-ஆம் வாரம் முதல் 39-ஆம் வாரம்வரை செல்லும். ஒரு சொல்லுக்கு இரு பொருள். ஒரு பொருளில் விமானத்தின் கதவு திறந்திருக்கும், மற்றொன்றில் அடைபட்டிருக்கும்.

நேர்ந்ததும் அதுவே. என் தமக்கையார்க்கு அப்பொழுது 33 வாரம் நிறைந்து 34-ஆம் வாரம் நடந்துகொண்டிருந்தது. கடிதம் எழுதிய வைத்தியர் வாரத்தைக் குறியாமல் 'ஒன்பதாம் மாதம்' என்று மட்டும் எழுதிவிட்டார். விமான நிலையத்தில் சீட்டைச் சரிபார்த்த இளைஞர் அதனைப் படித்தவுடன் முகம் மாறி, "அம்மா, மன்னிக்க வேண்டும், ஒன்பது மாதம் என்று எழுதியவரை ஏற்ற எமக்கு அதிகாரமில்லை" என்றார். அவர்மேற் குற்றமில்லை, கையிலிருந்த தாள் அவ்வாறு கூறிற்று. வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்துப் பிடிப்பதற்குள் விமானம் புறப்பட்டுப் போயிற்று. ஓரிரவு மும்பையிலேயே தங்கி, வாரமும் நாளும் தெளிவாக எழுதிய வேறொரு கடிதம் பெற்று, மறுநாள் வந்து சேர்ந்தார். புதுவையில் எம் தாயார் அன்றிரவு உறங்கவில்லை. நல்ல வேளையாக இழப்பு ஒருநாளோடும் சிறு பொருளோடும் ஒழிந்தது. ஆகவே இதனைப் படிப்போருள் தமக்கை தங்கையர் உடையார்க்கு ஒன்று கூறுவேன்: வைத்தியர் கடிதத்தில் நிறைந்த வாரம், பேறு எதிர்பார்க்கும் நாள், குழவி ஒன்றா இரண்டா என்பது, எழுதிய தேதி ஆகிய நான்கும் உளவோ என்று வீட்டைவிட்டுப் புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிற்க. விமானத்திலேறுதல் கருவிற்குத் தீங்கு பயக்குமா என்பதன்றோ நம் வீட்டுப் பெரியோரின் முதல் வினா? வானம் 35,000 அடி உயரத்தில் மூச்சுவிடற்கு ஒவ்வாதது. ஆகவே விமானத்தின் உட்புறத்தைக் காற்றழுத்தம் ஏற்றி வைக்கின்றனர். எனினும் அது நிலமட்டத்து அழுத்தத்திற்கு ஈடாவதன்று, 6,000 அடி முதல் 8,000 அடி உயரமுள்ள மலைமேல் இருக்கும் அழுத்தத்தையே ஒக்கும். உதகமண்டலம் ஏறக்குறைய 7,300 அடி உயரத்தது. கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி. அவ்வூர்களிற் பெண்கள் கருவுற்று நலமே மகப்பெறுகின்றனர். தாயின் குருதியில் பிராணவாயு சிறிது குறையினும், கருவிலிருக்கும் குழவியின் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் முதிர்ந்தோருடையதினும் வலிதாகப் பிராணவாயுவைப் பற்றும் இயல்பினது. தாயிடத்திலுள்ள குறைவு சேயைச் சென்று தாக்காதவாறு இயற்கை அமைத்த அரண் இது. இதனை முதன்முறை படித்தபொழுது யான் அடைந்த வியப்பு சிறிதன்று.

ஆயினும் இவ்வரண் நலமுள்ள தாயர்க்கே முற்றும் உதவும். தாயின் குருதியே வலிகுன்றியிருப்பின் என் செய்வது? 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டுக் கருவுற்ற மகளிருள் நூற்றுக்கு 52 பேர்க்கு மேல் இரத்தசோகை உடையவர். ஹீமோகுளோபின் 7.5 கிராமிற்குக் கீழிறங்கியவர் பறத்தலாகாதென்பது இங்கிலாந்து மகப்பேற்று மருத்துவர் கழகத்தின் கருத்து. குருதிக்கசிவுடையார், நச்சுக்கொடி கருப்பை வாயை மூடிக் கிடப்பார், குருதியழுத்தம் மிக்கார், குறைமாதத்தில் நோவெடுக்கும் அறிகுறியுடையார் ஆகியோரும் வாரம் எதுவாயினும் விலக வேண்டியவரே. நம் குடும்பங்களில் 'எத்தனை மாதம்?' என்று கேட்பார் பலர், 'இரத்தம் எவ்வளவு?' என்று கேட்பார் அரியர். பின்னதையே முன் கேட்டல் வேண்டும் என்பது என் துணிபு.

உண்மையில் அஞ்சத்தக்கது உயரமன்று, நெடுநேரம் அசையாதிருத்தலேயாம். கருவுற்ற காலத்துக் குருதி எளிதில் உறையும் தன்மை அடைகிறது. பேற்றிற் பெருகும் உதிரத்தைத் தடுத்தற்கு இயற்கை செய்யும் ஆயத்தம் அது. அக்காலத்திற் கால்களைத் தொங்கவிட்டு நான்கு மணிக்குமேல் ஓரிருக்கையில் அமர்ந்திருப்பின் காற்சிரைகளிற் குருதி கட்டியாகி, அக்கட்டி நுரையீரலுக்குச் சென்று உயிர்க்கே இறுதி விளைத்தலுங் கூடும். நடைவழியை ஒட்டிய இருக்கையைக் கேட்டுப் பெறுதல், அடிக்கடி எழுந்து நடத்தல், கணுக்காலைச் சுழற்றுதல், நீர் மிகப் பருகுதல், நெடும்பயணமாயின் வைத்தியர் சொற்படி இறுக்கமான காலுறை அணிதல் ஆகியவை காப்பாம். உள்ளே காற்று மிக உலர்ந்திருத்தலால் நீர் பருகுதல் இன்னும் இன்றியமையாதது. இருக்கை வாரை வயிற்றின்மீது கட்டாமல் வயிற்றின் கீழே இடுப்பெலும்பின்மேல் தாழக் கட்டவேண்டும். உயரஞ் செல்லச் செல்ல வயிற்றிலுள்ள வாயு விரியுமாதலின் முதல்நாள் மொச்சையையும் கிழங்கையும் தவிர்த்தல் நன்று. இதனை மட்டும் எம் பாட்டியார் யாரும் சொல்லாமலே அறிந்திருந்தார்.

அங்ஙனமாயின் 36 வாரத்துக்குமேல் ஏன் தடை? பறத்தலால் நோவெடுக்கும் என்பதாலன்று. 37 வாரத்திற்குப் பின் எங்கிருப்பினும் எந்நேரமும் நோவெடுக்கலாம் என்பதால். வானத்திற் பேறுபார்க்கும் அறையில்லை; குருதி ஏற்றுவாரில்லை. 2017 ஜூன் 18-ஆம் நாள் சவூதி அரேபியாவின் தம்மாமிலிருந்து கொச்சிக்கு வந்த ஜெட் ஏர்வேஸ் விமானத்தில் பயணி ஒருவர் ஆண்மகவு பெற்றார். உடன்வந்த பயணியருள் மருத்துவப் பயிற்சியுடைய பெண்மணி ஒருவர் துணைபுரிந்தார். விமானம் மும்பைக்குத் திரும்பிற்று. 2021 அக்டோபர் 5-ஆம் நாள் இலண்டனிலிருந்து கொச்சிக்கு வந்த ஏர் இந்தியா விமானத்தில் வேறொருவர் மகப்பெற்றார். அதிலே நல்வினைப்பயனாய் வைத்தியரும் செவிலியரும் இருந்தனர். விமானம் ஜெர்மனியிலுள்ள பிராங்க்பர்ட்டில் இறங்கிற்று. இவ்விரண்டும் குறைமாதப் பேறுகள் என்பது கருதத்தக்கது. வாரவிதி இவற்றைத் தடுத்திராது. முன்னைய குழவிக்கு வாழ்நாள் முழுதும் இலவசப் பயணம் அளிப்பதாக அக்கம்பெனியார் அறிவித்தனர். குழவிக்கு இரண்டாண்டு நிரம்புமுன்னர், 2019 ஏப்ரலில், கம்பெனியே பறத்தலை நிறுத்திவிட்டது!

வேண்டுமென்றே பறப்போர் ஒருபுறமிருக்க, பறந்தே தீரவேண்டியவரும் உளர். 2020-இற் கொள்ளைநோயால் வானவழி அடைபட்டபொழுது, வேற்றுநாட்டில் உற்றார் துணையின்றிப் பேற்றை எதிர்நோக்கி நின்ற நம் பெண்கள் பலர். ஒவ்வொரு வாரமும் கழியக்கழியத் தமக்குக் கதவடைபடுமே என்னும் அச்சம் அவரை எங்ஙனம் வருத்தியிருக்கும்! மே 7-ஆம் நாள் தொடங்கிய 'வந்தே பாரத்' விமானங்களிற் கருவுற்றோர்க்கு முன்னுரிமை தரப்பட்டது. அதே வாரத்தில் மாலத்தீவிலிருந்து கொச்சிக்கு 698 பேரை ஏற்றிவந்த 'ஜலாஷ்வா' என்னும் போர்க்கப்பலில் 19 பேர் கருவுற்ற மகளிர்.

எம் புதுவைக்கு இப்பொருளில் தனியானதொரு தொடர்புண்டு. 1962 ஆகஸ்ட் 16-இல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபொழுது உடன்படிக்கை தந்த உரிமையால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் பல. அவர் மக்களும் மக்கள்தம் மக்களும் பாரிஸ் நகரைச் சூழ்ந்து வாழ்கின்றனர். அங்கிருந்து சென்னைக்கு இடைநில்லாது வந்தாலும் ஏறக்குறையப் பத்து மணிநேரம். அதன்பின் சென்னையிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரவேண்டும். எம்மூர் இலாசுப்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை 1,500 மீட்டர் அளவினதாதலின் சிறு விமானங்களே இறங்கும். அச்சேவையும் பலமுறை தொடங்கிப் பலமுறை நின்று, 2024 டிசம்பர் 20-இல் மீண்டும் தொடங்கிற்று. ஆகவே எம் தெருவிலுள்ள அத்தகைய குடும்பங்களில் வழக்கம் தலைகீழாயிற்று. மகள் தாய்வீடு வருவதில்லை. வளைகாப்பு முடிந்த செய்தி வந்தவுடன் தாயே பெருங்காயமும் சுக்கும் பேற்று மருந்துப் பொடியும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு பாரிஸுக்குப் பறந்துவிடுகிறார். எழுபதை எட்டிய மூதாட்டியர் கம்பளிச் சட்டை அணிந்து சென்னைக்குக் காரேறும் காட்சியை யான் பன்முறை கண்டிருக்கிறேன். மருத்துவ நோக்கில் இதுவே சாலச் சிறந்த முறையென்று இப்பொழுது தோன்றுகிறது.

என் தமக்கையார்க்கு 38-ஆம் வாரத்திற் பெண்மகவு பிறந்தது. தாயும் சேயும் நலம். 'விசயை' என்று பெயரிடலாமே என்று யான் மொழிந்தேன். சுடுகாட்டிற் பிள்ளை பெற்றவள் பெயரா என்று எம் பாட்டியார் வெகுண்டமையால் அஃது ஈடேறவில்லை. ஞானஸ்நானத்தில் வேறு பெயர் இடப்பட்டது. நான்காம் மாதத்தில் அம்மகவு தாயின் மடியிலிருந்தவாறே மும்பைக்குப் பறந்து சென்றது. புறப்பட்டது முதல் இறங்கியதுவரை உறங்கிற்றாம்.