நாற்காலியில் வந்த மருத்துவர்



துன்பத்தை வென்றவர்களின் கதைகளை வகுப்பில் அடிக்கடி சொல்கிறோம். ஆனால் விழுந்தார், எழுந்தார் என இரண்டே வரிகளில் முடித்துவிடுகிறோம். தேர்வில் தவறிய மாணவிக்கும் தந்தையை இழந்த மாணவிக்கும் வேண்டியது, விழுந்ததற்கும் எழுந்ததற்கும் இடையில் கழிந்த நாட்களின் கதையல்லவா?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸின் வரலாற்றை அவ்வாறு பார்ப்போம். கேரளத்தில் 1925-இல் பிறந்த அவர், பெண்களுக்கான மருத்துவத்தில் தேர்ச்சி பெற விரும்பியவர். 1954 ஜனவரியில் நண்பர்களோடு அவர் சென்ற வாகனம் கவிழ்ந்தது. முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றுப்போயின. முகத்திலும் ஆறாத வடு. நோயாளிகளைக் கவனித்தவரை, இப்போது பிறர் புரட்டிப் படுக்கவைக்க வேண்டியதாயிற்று. மருத்துவப் பணி இனி இல்லை என்றே தோன்றிய காலம் அது.

அங்கே பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் வெறும் ஆறுதல் கூறவில்லை. வேலை ஒன்றைக் காட்டினார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த, நலமான தசைநாண் ஒன்றை எடுத்துச் செயலிழந்த இடத்தில் பொருத்துவார்கள். கையில் செய்யும் இந்த அறுவையை மருத்துவர் உட்கார்ந்தே செய்யலாம். தேவை இரண்டு கைகளும் பொறுமையுமே. மேரி அம்மையாரோ, நேராக உட்காருவதற்கே தம் முதுகில் மேலும் அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. அதன் பின்னரே பிறர் விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார்.

(பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். சோர்ந்திருக்கும் மகளுக்கு நாம் அறிவுரையை அள்ளி வழங்குகிறோம். அவளை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பார்க்கிறோமா?)

பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், பிறர் உதவியின்றி அன்றாட வேலைகளைச் செய்துகொள்ளும் பயிற்சி பெற்றார். படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறுவதையும் பாடமாகவே கற்க வேண்டியிருந்தது. அடுத்து நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, வேலூர் திரும்பி அத்துறைக்குத் தலைமையேற்றார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையமும் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1986-இல் காலமானார்.

மரத்திலிருந்து விழுந்து முதுகு ஒடிந்தவர்களுக்கு, இனிக் கால்கள் அசையா என்ற செய்தியைச் சொல்வது எந்த மருத்துவருக்கும் கடினம். வேலூரில் அதைச் சொல்ல வந்தவர், சக்கர நாற்காலியைத் தாமே உருட்டிக்கொண்டு கட்டிலருகே வந்தார்.