மருந்துச் சோதனையும் நமது கையொப்பமும்

கட்டுமாவடிக்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தபொழுது, வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் நம்மிடம் சில தாள்களைக் காட்டி, "ஐயா, ஆஸ்பத்திரியில் புது மருந்து கொடுத்துச் சோதிக்கிறார்களாம், கையெழுத்துக் கேட்கிறார்கள், போடலாமா?" என்று வினவினார். பிறருடைய கடனுக்கு ஜாமீன் பத்திரத்தைப் படியாமலே கையொப்பமிட்டு, ஒருமுறை வருந்தியவர் அவர். அவருக்குக் கூறியதையே அங்கத்தினர் அனைவருக்கும் கூற விரும்புகிறோம்.

மருந்துச் சோதனை என்பது, ஒரு சிகிச்சை நலம் தருமா, தீங்கு செய்யுமா என்பதை மக்களின் சம்மதத்தின் பேரில் முறையாக ஆராய்ந்தறிவதாகும். நெசவாளர் புதுச் சாயத்தை நூல் முழுவதற்கும் ஏற்றுமுன் ஒரு சிட்டத்தைத் தோய்த்துப் பார்ப்பதுண்டு. ஆனால் நூலிடம் சம்மதம் கேட்க வேண்டுவதில்லை. மனிதரிடம் கேட்டே ஆகவேண்டும்.

இத்தகைய சோதனையின் பயனுக்குச் சென்னையே சான்று. காசநோயாளிகள் ஆரோக்கிய நிலையத்தில் தங்கினாலன்றிக் குணமடையார் என்பது முற்காலத்துக் கருத்து. நோயாளிகளோ பலர்; படுக்கைகளோ சில. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில், 193 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் நிலையத்திலும், மறு பிரிவினர் தம் வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகளை உட்கொண்டனர். எவர் எப்பிரிவு என்பதை மருத்துவரின் விருப்பமன்று, குலுக்கல் போன்ற முறையே தீர்மானித்தது. சாய்வு நேராமல் காப்பது இதுவே.

முடிவு 1959-ல் வெளியாயிற்று. நிலையத்தில் 100-க்கு 92 பேரும், வீட்டில் 86 பேரும் நற்பயன் பெற்றனர். நெருக்கமான குடிசையும் எளிய உணவும் வாய்த்தவர்கள்கூடப் பெரிதும் பின்தங்கவில்லை. உடன் வாழ்ந்தோர்க்கும் அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவில்லை. உலகெங்கும் வீட்டிலிருந்தே காசநோய்ச் சிகிச்சை பெறும் வழக்கம் பரவ இது பெருந்துணையாயிற்று. அன்று பங்குகொண்ட ஏழை மக்களின் உதவி இது.

எனினும், பயனுள்ளது என்பதற்காக எவரும் கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிடலாகாது. 2019-ஆம் ஆண்டின் விதிகள் புது மருந்துச் சோதனைகளில் பங்குகொள்வோர்க்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. ஆகவே பின்வருவனவற்றைக் கேட்டறிக:

1. சோதனையின் நோக்கம் யாது? எத்தனை காலம் நடைபெறும்?
2. எதிர்பார்க்கும் நன்மை எது? நேரக்கூடிய தீங்கு எது?
3. சேராவிடில் நமக்கு உள்ள வேறு சிகிச்சை யாது?
4. நெறிமுறைக் குழு அனுமதி அளித்துள்ளதா? இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாகியுள்ளதா?
5. சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் அளிப்பவர் யார்?

விளக்கத்தைத் தமிழில் கேட்டுப் பெறுவது நம் உரிமை. படிக்க அறியாதவர்க்குச் சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். மறுப்பதாலோ, இடையில் விலகுவதாலோ வழக்கமான சிகிச்சையை நாம் இழக்கமாட்டோம்.

பெரியவர் அன்று கையொப்பமிடவில்லை, மறுக்கவும் இல்லை. இவ்வைந்து வினாக்களையும் எழுதுவித்துக்கொண்டு, மகனுடன் மருத்துவரைக் காணப் புறப்பட்டார். அங்கத்தினர்களும் அவ்வாறே செய்வார்களாக.